ஆங்கிலநாட்டுக் குருமனையும் தென்திருவிதாங்கூர்ப் பங்களாவும்

ஒரு நாட்டின் கட்டடக்கலை வரலாற்றை எழுதப் புகுவோர் அரண்மனையையும் கோயிலையும் கோட்டையையுமே முதற்கண் நாடுவர். அவை மன்னர் பொருளால் எழுந்தவை. கல்வெட்டும் பட்டயமும் உடையவை. ஆனால், வழிபாட்டிடத்தின் அருகே, அதற்குத் தொண்டு புரிபவர் குடியிருப்பதற்கென்று கட்டிய வீட்டை எவரும் அத்துணைப் பொருட்படுத்துவதில்லை. ஆங்கிலநாட்டுச் சிற்றூர்களில் இத்தகைய வீடு ‘ரெக்டரி’ எனவும் ‘விக்கரேஜ்’ எனவும் பெயர் பெறும். நெல்லைச் சீமைக் கிறித்தவர் இதனைக் ‘குருமனை’ என்னும் இனிய தமிழ்ச் சொல்லால் வழங்குவர். அச்சொல்லையே ஈண்டு மேற்கொள்வோம். ஆங்கிலநாட்டில் தோன்றிய இக்குருமனை, கடல் கடந்து திருவிதாங்கூருக்கும் திருநெல்வேலிக்கும் வந்தபோது என்ன உருவம் கொண்டது, இங்குள்ள மக்களுக்கு அதன் வாயில் எவ்வாறு திறந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் அதன் தாயகத்தைக் காண்போம். இங்கிலாந்தின் ஒவ்வொரு சேகரத்திலும் விளைவில் பத்திலொரு பங்கு திருச்சபைக்கு உரியதாய் இருந்தது. நெல்லன்று, கோதுமையும் வைக்கோலும் ஆட்டுக்குட்டியும் பன்றிக்குட்டியும் பறவை முட்டையும் கூட அப்பத்தில் ஒன்றில் அடங்கும். அதனை முழுமையாகப் பெறும் குரு ‘ரெக்டர்’. அதில் சிறு பகுதி மட்டும் பெறுபவர் ‘விக்கர்’. இதற்கு மேல் குருவின் வாழ்வுக்கென ‘கிளீப்’ எனப்படும் மானிய நிலமும் உண்டு. நம் நாட்டில் அருச்சகர்க்கும் ஓதுவார்க்கும் விட்ட மானியத்தை நினைத்துக் கொண்டால் இம்முறை எளிதில் விளங்கும். ஆதலின் பழைய குருமனை ஒரு வீடு மட்டுமன்று. களஞ்சியமும் மாட்டுத்தொழுவமும் குதிரை இலாயமும் சூழ்ந்த ஓர் உழவன் இல்லமே அது. 1836-ஆம் ஆண்டுச் சட்டம் விளைபொருளாய்ப் பெற்றதைப் பணமாய்ப் பெறும்படி மாற்றிய பின்னரே, களஞ்சியம் தேவையற்றுப் போய், குருமனை வெறும் வீடாயிற்று.

பழமையான குருமனைக்கு எடுத்துக்காட்டு சசெக்ஸ் பகுதியில் ஆல்பிரிஸ்டன் என்னும் ஊரில் உள்ளது. அது 14-ஆம் நூற்றாண்டு வீடு. ஓக் மரச் சட்டங்களை நிறுத்தி, இடையே வரிச்சு கட்டி, மண்ணும் சுண்ணமும் பூசிய சுவர். மேலே வைக்கோற் கூரை. நடுவே கூரை வரை உயர்ந்த ஒரே கூடம். தரையோ சுண்ணக்கல்லை இடித்துக் கெட்டித்துப் புளித்த பாலூற்றி மெருகேற்றியது. சாணம் மெழுகிய நம் வீட்டுத் தரைக்கும், முட்டை வெண்கருவும் கரியும் கூட்டிய பத்மநாபபுரத்துக் கருந்தரைக்கும் இது தூரத்து உறவு எனலாம். இடிந்து விழும் நிலையில் இருந்த அவ்வீட்டை 1896-ஆம் ஆண்டில் பத்துப் பவுன் விலைக்கு வாங்கியது ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் அமைப்பு. இன்று நூற்றுக்கணக்கான மாளிகைகளைக் காத்து வரும் அவ்வமைப்பு முதன்முதல் வாங்கிய கட்டடம் ஓர் ஏழைக் குருமனையே என்பது எண்ணி மகிழத்தக்கது.

மரமும் வைக்கோலும் நெருப்புக்கு இரை. 1709-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எப்வொர்த் என்னும் ஊரின் குருமனை ஓர் இரவில் எரிந்து போயிற்று. மாடியில் அகப்பட்டுக் கொண்ட ஐந்து வயதுச் சிறுவனை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிச் சாளரத்தின் வழியே இறக்கினர். அச்சிறுவனே பின்னாளில் மெதடிஸ்டு இயக்கம் கண்ட ஜான் வெஸ்லி. அவர் தந்தை சாமுவேல் வெஸ்லி, ஏற்கெனவே கடனுக்காகச் சிறையிருந்தவர்; ஆயினும் வீட்டைத் திரும்பக் கட்டும் பொறுப்பு அவர் தலையிலேயே விழுந்தது. இம்முறை செங்கல்லால் கட்டினார். அவ்வீடு இன்றும் நிற்கின்றது.

இங்கே குருமனையின் தனி இயல்பு ஒன்று வெளிப்படுகின்றது. அதில் வாழ்பவர்க்கு அது சொந்தமன்று; பதவியில் உள்ளவரை குடியிருக்கலாம். ஆனால் பழுது பார்க்கும் செலவோ அவருடையது! ஒரு குரு இறந்தாலும் விலகினாலும், அவர் காலத்தில் ஏற்பட்ட சிதைவுக்கெல்லாம் கணக்கிட்டு, அடுத்து வருபவர் அவரிடமோ அவர் மனைவி மக்களிடமோ பணம் கேட்கலாம் என்பது சட்டம். துக்கம் விசாரிக்க வந்தவரே ஓட்டை ஓடுகளை எண்ணிக் கொண்டு நின்ற காட்சிகளும் இருந்திருக்கும். இச்சிக்கலைச் சிறிது தளர்த்தவே, குருமார் தம் பதவி வருவாயை ஈடுகாட்டிக் கடன் பெற்று வீடு கட்டலாம் என்று 1776-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினர். அதன் பின்னரே இங்கிலாந்தெங்கும் சதுரவடிவமும் சமச்சீரான சாளர வரிசையும் கொண்ட, ஜார்ஜ் மன்னர் காலப் பாணியிலான குருமனைகள் மிகுந்தன. புகழ் பெற்ற நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் பிறந்ததும் 25 ஆண்டு வளர்ந்ததும் ஸ்டீவன்டன் குருமனையில். 1801-ஆம் ஆண்டில் தந்தை ஓய்வு பெறவே, குடும்பம் பாத் நகருக்குப் பெயர்ந்தது. பிறந்த வீடு தமையனார் வசமாயிற்று. பின்னர் அது இடிக்கப்பட்டுப் போக, இன்று அவ்விடம் வெறும் புல்வெளி.

விக்டோரியா அரசியார் காலத்தில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. வெளியில் அழகாகத் தோன்றவேண்டும் என்பதற்காகச் சாளரங்களை ஒரே வரிசையில் அடுக்கும் வழக்கத்தைச் சில கட்டடக் கலைஞர் கைவிட்டனர். எந்த அறைக்கு எங்கே ஒளி வேண்டுமோ, அங்கே சாளரம். எங்கே கணப்படுப்பு தேவையோ, அங்கே புகைபோக்கி. வில்லியம் பட்டர்ஃபீல்டு என்பார் 1840-களின் நடுவில் கோல்பிட் ஹீத் என்னும் ஊரில் கட்டிய குருமனை இப்புது முறைக்கு முன்னோடி. 1859-ஆம் ஆண்டில் கவிஞர் வில்லியம் மாரிஸுக்காக பிலிப் வெப் கட்டத் தொடங்கிய ‘செவ்வில்லம்’ இவ்வழியில் வந்ததே என்பர் கலை வரலாற்றறிஞர். அரண்மனையினின்று வீடு பிறக்கவில்லை. குருமனையினின்றே இக்கால வீடு பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இத்தனை மாற்றங்களிலும் மாறாதது குருவின் படிப்பறை. அது பெரும்பாலும் வாயிலை ஒட்டியே இருக்கும். சில வீடுகளில் அதற்குத் தனிக்கதவும் உண்டு. குழந்தைக்குப் பெயரிட வேண்டுமென்று வருபவர், சாவுச் செய்தி கொண்டு வருபவர், கடிதம் எழுதித் தரக் கேட்பவர் ஆகிய ஊரார், வீட்டின் உட்பகுதியைக் கடக்காமலே நேராகக் குருவைக் காணலாம். வேளாளன் வீட்டிலும் இல்லாத, பிரபுவின் மாளிகையிலும் இல்லாத கதவு அது. ஊரார் போனபின் அதே அறையில் கல்வி நடந்தது. நீராவியால் இயங்கும் விசைத்தறிக்கு வித்திட்ட எட்மண்ட் கார்ட்ரைட் ஒரு சிற்றூர்க் குரு. 1785-ஆம் ஆண்டில் அவர் பெற்ற உரிமைச் சான்று, நம் நாட்டுக் கைத்தறியாளர் வயிற்றிலும் அடித்ததை நாம் மறக்க இயலாது.

இனி நம் பக்கம் வருவோம். இந்நகரில் வாழும் தமிழருள் பலர் நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்தவர். அவர்க்கு மயிலாடி என்றவுடன் கல்லுளியோசையும் சிற்பக்கூடமும் நினைவுக்கு வரும். அவ்வூரிலேதான் தென்திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபை தோன்றியது. வேதமாணிக்கம் என்னும் பெரியவரின் அழைப்பை ஏற்று, இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-ஆம் ஆண்டில் வந்தார். அவர் பிரஷ்ய நாட்டவர். 1809-இல் அங்கே ஆலயம் எழுந்தது. ஆனால் குருமனை எனச் சொல்லத்தக்க வீடு எழவில்லை. அவர் ஊராரைப் போல எளிய குடிலிலேயே வாழ்ந்தார். தமக்கு வந்த பணத்தையெல்லாம் பிறர்க்குக் கொடுத்துவிட்டு, 1816-ஆம் ஆண்டில் நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது, உடுக்க ஒரு மேலங்கியும் இன்றி, உள்ளூரில் முடைந்த தொப்பியுடன் சென்னையில் போய் நின்றாராம்.

அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் 1818-இல் நாகர்கோவிலில் குடியேறினார். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ராணி கௌரி பார்வதி பாய். ரெசிடெண்டாக இருந்தவர் கர்னல் மன்றோ. மன்றோவின் பரிந்துரையால் ராணியார் மிஷனுக்கு ஒரு பங்களாவை அளித்தார். கல்விக்கூடத்தின் செலவுக்காக நெல்வயல் வாங்க 5,000 ரூபாயும் வழங்கினார். இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலண்டன் மிஷனைச் சார்ந்தோர் பெரும்பாலும் இங்கிலாந்தின் அரசு சார்ந்த திருச்சபையை ஏற்காதவர். தம் நாட்டில் பத்திலொரு பங்கு கொடுக்க மறுத்து வழக்காடிய மரபினர். அத்தகையோர்க்குத் திருவிதாங்கூரில், அதுவும் பத்மநாபதாசியாகிய இந்து அரசி ஒருவரால், வீடும் வயலும் கிடைத்தன! தம் நாட்டில் கிட்டாத ‘கிளீப்’ நிலம் நாஞ்சில் நாட்டு நன்செயில் கிட்டியது. வீடும் நிலமும் ஒருங்கே அளிப்பது நம் அரசர்க்கோ புதிதன்று. பிரமதேயமும் மடப்புறமும் அளித்த கைதானே அது.

பங்களா என்பது வங்காளத்துக் குடிலின் பெயர். ஆங்கிலேயர் அதனைத் தமதாக்கி, அடித்தளத்தை உயர்த்தி, நடுவே உயர்ந்த அறைகளை வைத்து, சுற்றிலும் தாழ்வாரம் ஓட்டினர். இங்கிலாந்தின் குருமனை குளிரை வெளியே நிறுத்தி, வெயிலை உள்ளே அழைப்பது. ஆதலின் தெற்கு நோக்கிய சாளரமும் அறைதோறும் கணப்படுப்பும் அதற்கு உயிர். இங்கோ எல்லாம் தலைகீழ். வெயிலும் தென்மேற்குப் பருவத்தின் சாய்மழையும் சுவரில் படாமல் காப்பதே முதல் வேலை. புகைபோக்கி மறைந்தது, அதனிடத்தில் கூரை முகப்பின் மரச்சட்டப் பலகணி வந்தது. அடுக்களை வீட்டைவிட்டுப் பிரிந்து, புகையோடும் நெருப்போடும் பின்புறம் தனிக் கட்டடமாயிற்று. படிப்பறை மட்டும் தன் பழைய இடத்திலேயே, முன்வாயிலின் அருகே நின்றது. ஆனால் அதன் தனிக்கதவு இப்போது தாழ்வாரத்தை நோக்கித் திறந்தது.

இவ்வீடுகளை இலண்டனிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் எவரும் கட்டவில்லை. உள்ளூர்க் கொத்தரும் ஆசாரிமாருமே கட்டினர். வெட்டுக்கல்லோ கருங்கல்லோ எது கிடைத்ததோ அதில் சுவர். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணச் சாந்து. ஆசாரியின் கைப்பழக்கத்தில் வந்த செங்குத்தான கூரை. பாதிரியார் தாளில் வரைந்து கொடுத்தது ஒன்றாக இருக்கும். முழக்கோல் பிடித்த மூத்தாசாரி கட்டி முடித்தது வேறொன்றாக இருக்கும். பத்மநாபபுரத்து அரண்மனைக் கூரையைக் கண்டு விட்டு, தென்திருவிதாங்கூரின் பழைய மிஷன் வீடொன்றைக் காண்பவர், இரண்டும் ஒரு தச்சு மரபின் பிள்ளைகள் என்பதை எளிதில் உணர்வர்.

கூரையைப் பற்றிப் பேசுகையில் ஒன்றை மறைத்தல் ஆகாது. அக்காலத் திருவிதாங்கூரில் விரும்பியவர் விரும்பியபடி வீடு கட்ட இயலாது. ஓடு வேய்வதற்கு அரசின் இசைவு வேண்டும். தாழ்த்தப்பட்ட மக்கட்கு அது கனவிலும் இல்லை. மாடி கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது, பெண்கள் தோளை மறைக்கும் ஆடையும் கூடாது. நாகர்கோவிலில் பங்களா அளித்த அதே பார்வதி பாய் அரசியே தம் ஆட்சியில் குடிகள் அனைவரும் ஓடு வேயலாம் என்று ஆணையிட்டார். அவர் பெயரைச் சொல்லும்போது இதனையும் சேர்த்துச் சொல்லுதல் நம் கடமை. ஆயினும் ஆணை வேறு, ஊர் வழக்கம் வேறு. சாமுவேல் மெட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலில், நம்பூதிரி ஒருவரினின்று சாணார் 36 காலடியும் புலையர் 96 காலடியும் விலகி நிற்க வேண்டும் என்று குறித்திருக்கின்றார்.

96 காலடி விலக வேண்டிய ஒரு மனிதன், பங்களாவின் படியேறித் தாழ்வாரத்தில் நின்றான் என்றால், அக்கட்டடத்தின் அமைப்பில் எது தலையாயது என்று நாம் கேட்கத் தேவையில்லை. ஆங்கிலநாட்டில் வசதிக்காக வைத்த கதவு, இங்கே வழக்கத்தை உடைக்கும் கதவாயிற்று. மீட் பாதிரியாரை ராணியார் நாகர்கோவில் நீதிமன்றத்தில் நடுவராக நியமித்திருந்தார். ஏறத்தாழ ஓராண்டு அப்பதவியில் இருந்தார். குருவும் நடுவரும் ஒருவரேயாக இருந்த அக்காலத்தில், அத்தாழ்வாரத்திற்கு வந்தவர் எத்தனை வகை முறையீடுகளைக் கொணர்ந்திருப்பர்! 1819-இல் வந்து சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் துணைவியார் மார்த்தாவும் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னல் கற்பித்தனர். அப்பின்னலின் கூலியைச் சேர்த்துத் தம் அடிமைத்தளையை விலை கொடுத்து மீட்டுக் கொண்ட பெண்களும் உண்டு என்பர். திருவிதாங்கூரில் அடிமை முறை முற்றும் ஒழிந்தது 1855-இல்; தோள்சீலை உரிமை அரசாணையாக வந்தது 1859-இல். அவ்வாணைக்கு முந்திய கலகத்தில் சிற்றாலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. எரித்தவர்க்கும் கட்டடத்தின் பொருள் நன்கு தெரிந்தே இருந்தது.

அதற்காக, பங்களாவைப் பொன்னிறத்தில் மட்டும் தீட்டுதலும் முறையன்று. உயர்ந்த தளத்தின் மேல் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் வெள்ளையர்; பின்கட்டில் பங்கா இழுத்தவரும் விறகு பிளந்தவரும் நம்மவர். உள்ளூர்க் குருமார்க்குக் கிடைத்த வீடு எத்துணைச் சிறியது என்பதை, அதே வளாகத்தின் ஓரத்தில் நின்ற அவர்தம் வீடுகளே சொல்லும்.

ஆங்கிலநாட்டுக் குருமனைக்கு மிக நெருங்கிய உறவு தேடினால், நாம் நாஞ்சில் நாட்டெல்லையைக் கடந்து இடையன்குடிக்குச் செல்ல வேண்டும். தேரிச் செம்மணலும் பனங்காடும் சூழ்ந்த அச்சிற்றூருக்கு ராபர்ட் கால்டுவெல் 1841-ஆம் ஆண்டின் இறுதியில், பெரும்பகுதி நடந்தே, வந்து சேர்ந்தார். இலண்டன் மிஷனில் வந்தவர், அதற்குள் ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து விட்டார். ஆகவே இடையன்குடியில் அமைந்தது இங்கிலாந்தின் முறைப்படியான குருமனையும் ஆலயமும் ஊருமாம். தெருக்களை நேராக வகுத்தார், கிணறு வெட்டினார், மரம் நட்டார். 1844-இல் அவர் மணந்த எலிசா, நாகர்கோவில் மால்ட் தம்பதியரின் மகள், நாகர்கோவிலில் வளர்ந்தவர், தமிழில் கணவரினும் இயல்பாகப் பேசியவர். நாகர்கோவில் வீட்டில் கற்ற லேஸ் பின்னலும் பெண் கல்வியும் அவரோடு இடையன்குடிக்குச் சென்றன. ஒரு குருமனை மற்றொரு குருமனைக்குத் தந்த சீதனம் எனலாம்.

ஆலயத்திற்கு 1847-இல் கால்கோள் செய்தார். அது முடிந்தது 1880-இல். கூரிய வளைவுகள் கொண்ட கோத்திக் பாணியில் அதனைக் கட்டி முடிக்க 33 ஆண்டுகள் சென்றன. வீட்டுக்கோ அத்தகைய ஆடம்பரம் ஒன்றும் இல்லை. தாழ்ந்த கூரையும் எளிய அறைகளும் கொண்ட வீடு. ஆலயத்தில் இங்கிலாந்து தெரிகின்றது. வீட்டில் நெல்லை தெரிகின்றது. இவ்வீட்டு வாழ்வில் திரட்டிய குறிப்புகளே 1856-இல் இலண்டனில் வெளியான ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ ஆயின. ஊரார் வழக்குகளைக் கேட்ட அறையிலேயே அவ்வூரார் நாவில் புழங்கிய சொற்கள் நூலுக்குள் புகுந்தன. கால்டுவெல் 1891-இல் கொடைக்கானலில் மறைந்தார்; உடலை இடையன்குடிக்குக் கொணர்ந்து ஆலயத்திலேயே அடக்கம் செய்தனர். அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு 2011-ஆம் ஆண்டில் நினைவு இல்லமாக்கியது.

திருவனந்தபுரத்திற்கு இலண்டன் மிஷன் வந்தது சற்றுத் தாழ்த்தே. தலைநகரில் இடம் கிடைப்பது எளிதாயில்லை. 1838-இல் ஜான் காக்ஸ் இங்கே முதல் நிலையத்தை அமைத்தார். அருங்காட்சியகத்தின் அருகே இன்றும் ‘எல்.எம்.எஸ்.’ என்றே அவ்விடத்தை மக்கள் அழைக்கின்றனர். பேருந்து நடத்துநரும் அவ்வாறே கூவுகின்றார். மெட்டீர் பல்லாண்டு இங்கே பணியாற்றினார். ‘தருமபூமி’ என்று திருவிதாங்கூருக்கு வழங்கிய பெயரையே தலைப்பாக்கி எழுதிய நூலும், 1883-இல் வெளியிட்ட மக்கள் வாழ்க்கை பற்றிய நூலும், வீடு, கூரை, உடை, உணவு, தொழில் என ஒன்றையும் விடாது குறித்து வைத்த பெட்டகங்கள். அவர் நினைவாக 1906-இல் எழுந்த ஆலயத்தை அவ்வழியே செல்வோர் நாள்தோறும் காண்கின்றனர். அதன் எதிர்ப்பக்கத்தே ராபர்ட் சிஷோம் 1880-இல் கட்டி முடித்த அருங்காட்சியகத்தின் கேரளக் கூரையைப் பார்க்கக் கூட்டம் கூடுகின்றது. குருமனைக் கூரையை எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை ஒன்றானது. 1956 நவம்பர் முதல் நாள் நாகர்கோவில் தமிழகத்தோடு சேர, இந்நகர் கேரளத்தின் தலைநகராயிற்று. 1959-இல் திருமண்டலமும் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரண்டாகப் பிரிந்தது. ஒரே மிஷனின் வீடுகள் இரு மாநிலங்களில் நிற்கலாயின. இங்கிலாந்தில், சென்ற நூற்றாண்டில் திருச்சபை நூற்றுக்கணக்கான பழங்குருமனைகளை விற்றுவிட்டு, குருமார்க்குச் சிறு வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. விற்ற வீடுகளைச் செல்வர் வாங்கி, ‘பழைய ரெக்டரி’ என்று பலகை மாட்டிப் பெருமை கொள்கின்றனர். அங்கே வீடு பிழைத்தது, குரு வெளியேறினார். இங்கே குரு இருக்கின்றார். வீட்டை இடித்து அதே இடத்தில் காங்கிரீட்டு மாடி எழுகின்றது. கறையான் அரித்த உத்தரத்தின் கீழ்க் குடியிருப்பவரைக் குறை கூறவும் நமக்கு வாயில்லை. ஆனால் இடிப்பதற்கு முன் அளந்து ஒரு படம் வரைந்து வைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நம் தமிழன்பர்களுள் பொறியியலாளர் உளர். வரைபடம் பயிலும் மாணவரும் உளர். விடுமுறைக்கு நாகர்கோவில் வழியே ஊர் செல்பவர், ஓர் அளவு நாடாவும் தாளும் எடுத்துச் செல்லலாம். சுவரின் கனம், தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி, தாழ்வாரத்திற்கு ஏறும் படிகள் எத்தனை, உத்தரம் எந்த மரம், ஓடு எந்த ஆலையின் முத்திரை தாங்கியது, படிப்பறைக் கதவு எத்திசை நோக்கித் திறக்கின்றது என்பவற்றைக் குறித்து வந்தால், அடுத்த ஆண்டு மலரில் அவ்வரைபடங்களையே வெளியிடலாம்.